பந்தய ஹெல்மெட், காதுப் பாதுகாப்பு, ரேடியோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தளத்தின் பிட் பகுதியில் (அணிகள் நின்று கார்களைக் கவனிக்கும் இடம்), சிறிய அணி ஒன்றின் ரேடியோக்களைக் கவனித்துக்கொள்வது என் வேலை. ஒவ்வொரு சீசன் தொடக்கத்திலும் புதிதாக ஓட்ட வருபவர்கள் ஒரே சந்தேகங்களோடு வருகிறார்கள். ஹெல்மெட்டை வாங்கிய பிறகு வந்து கேட்பவர்களே அதிகம். அப்போது பாதி விஷயங்களைத் திருத்த முடிவதில்லை. வாங்குவதற்கு முன்பே படிக்கட்டும் என்று இதைத் தொகுத்திருக்கிறேன். இது கார் பந்தயத்துக்கும் ராலிக்கும் உரியது. இடையில் கார்ட்டிங் (சிறிய திறந்த வண்டிகளின் பந்தயம்) பற்றியும் ஒரு கேள்வி வரும்.

என்னிடம் நல்ல பைக் ஹெல்மெட் இருக்கிறது. ஐஎஸ்ஐ முத்திரை உண்டு, விலையும் அதிகம். அதையே போட்டுக்கொண்டு கார் ஓட்டலாமா?

கூடாது. ஐஎஸ்ஐ முத்திரைக்கு அடிப்படையான ஐஎஸ் 4151 இருசக்கர வாகன ஓட்டிகளுக்காக எழுதப்பட்ட தரம். பைக்கிலிருந்து விழுபவரின் தலை சாலையில் மோதும். கார் பந்தயத்தில் ஓட்டுநரின் தலை பெரும்பாலும் காருக்குள்ளேயே இருக்கும் இரும்புக் கூண்டின் குழாய்களில் மோதும். ஒரே விபத்தில் ஒரே இடத்தில் இரண்டு முறைகூட மோதலாம். காருக்குள் தீயும் பிடிக்கலாம்.

அதனால்தான், ஹெல்மெட்டுகளுக்குத் தரம் வகுக்கும் ஸ்னெல் அறக்கட்டளையின் ‘எஸ்ஏ’ தரத்தில் கூண்டுக் குழாய் போன்ற உருளையில் மோதும் சோதனையும், தீச் சோதனையும் இருக்கின்றன. அதே அறக்கட்டளை பைக்குகளுக்குத் தரும் ‘எம்’ தரத்தில் தீச் சோதனை கிடையாது. பைக் ஹெல்மெட்டின் உள்துணி எரிந்து முகத்தில் ஒட்டிக்கொள்ளக்கூடியது. எத்தனை விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் இது மாறாது.

எஸ்ஏ2020, 8859, 8860 என்று எண்களாக இருக்கின்றன. எதைப் பார்த்து வாங்குவது?

முதலில், நீங்கள் ஓட்டப்போகும் போட்டியின் விதிநூலைப் பாருங்கள். எந்தெந்த முத்திரைகள் ஏற்கப்படும் என்று அதில் இருக்கும். இந்தியாவில் போட்டிகளை நெறிப்படுத்தும் எஃப்எம்எஸ்சிஐ, சர்வதேச அமைப்பான எஃப்ஐஏவின் பட்டியலை ஒட்டியே பெரும்பாலும் நடக்கிறது. அந்தப் பட்டியலுக்கு ‘தொழில்நுட்பப் பட்டியல் 25’ என்று பெயர்.

சுருக்கமாகச் சொன்னால், எஸ்ஏ2020 பரவலாகக் கிடைக்கும் முத்திரை. அதற்கு அடுத்த எஸ்ஏ2025 ஹெல்மெட்டுகளும் கடைக்கு வந்துவிட்டன. எஃப்ஐஏ 8859-2015 நடுத்தர நிலை. எஃப்ஐஏ 8860-2018 மிகக் கடுமையான சோதனைகளைத் தாண்டியது. ஃபார்முலா 1 அளவிலான போட்டிகளுக்கு உரியது, விலையும் அப்படியே. தேசிய அளவில் தொடங்குபவருக்கு எஸ்ஏ2020 அல்லது 8859 முத்திரை போதும். முத்திரை ஹெல்மெட்டின் உள்ளே, துணிக்கு அடியில் ஒட்டப்பட்டிருக்கும். கடையிலேயே துணியை விலக்கிப் பாருங்கள்.

ஹான்ஸ் கழுத்துப் பாதுகாப்புக் கருவியை மாட்டுவதற்கான கொக்கிகள் இருக்கின்றனவா, அவற்றில் எஃப்ஐஏ 8858-2010 முத்திரை உண்டா என்றும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். ஸ்னெல் என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று சிலர் கேட்பார்கள். 1956இல் ஹெல்மெட் அணிந்திருந்தும் தலைக் காயத்தால் இறந்த பீட் ஸ்னெல் என்ற ஓட்டுநரின் நினைவாக, அடுத்த ஆண்டு தொடங்கப்பட்ட அமைப்பு அது. அந்த ஒட்டுத்தாளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மனிதரின் நினைவு வரும்.

சைஸ் எப்படிப் பார்ப்பது? கொஞ்சம் தளர்வாக வாங்கினால் காதில் ஸ்பீக்கர் வைக்க இடம் இருக்குமே?

இந்த நினைப்பில்தான் பலர் தவறான அளவை வாங்கிவிடுகிறார்கள். தளர்ந்த ஹெல்மெட் மோதலில் சுழலும், கழன்றும் போகலாம். புருவத்துக்குச் சற்று மேலே, தலையின் மிக அகன்ற பகுதியைச் சுற்றி டேப்பால் அளந்து, அந்த நிறுவனத்தின் அளவுப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் அளவு மாறும்.

கடைக்குப் போகும்போது உங்கள் காதடைப்பானையும், பலாக்ளாவாவையும் (ஹெல்மெட்டுக்கு அடியில் தலையை மூடும் துணி) எடுத்துச் செல்லுங்கள். பந்தயத்தில் அணியும் அதே வரிசையில் அணியுங்கள்: முதலில் காதடைப்பான், அதன் மேல் பலாக்ளாவா, பிறகு ஹெல்மெட். இருபது நிமிடம் கழற்றாமல் உட்காருங்கள். நெற்றியில் ஒரே இடத்தில் வலித்தால் அந்த ஹெல்மெட்டின் உருவம் உங்கள் தலைக்கு ஒத்துவரவில்லை. காதைச் சுற்றிக் கவனியுங்கள். ஹெல்மெட் இறங்கும்போது கன்னப் பஞ்சு, ஸ்பீக்கர் பதித்த காதடைப்பானின் வயரை இழுத்து, அடைப்பானை அரை மில்லிமீட்டர் வெளியே தள்ளிவிடும். அணிபவருக்கு அது தெரியாது. ஆனால் அந்தச் சிறு இடைவெளி வழியாக இரைச்சல் உள்ளே வந்துவிடும்.

ஹெல்மெட்டே தடிமனாக இருக்கிறதே. அது சத்தத்தைத் தடுக்காதா?

மிகக் குறைவாகவே தடுக்கும். உள்ளே இருக்கும் நுரை மோதலின் அதிர்ச்சியை வாங்குவதற்காக வைக்கப்பட்டது. என்ஜின், சைலன்சர், கியர்பாக்ஸ் எழுப்பும் தாழ்ந்த சுருதி இரைச்சல் கழுத்துப் பக்கத் திறப்பின் வழியாகத் தாராளமாக நுழையும்.

கணக்காகவே பார்த்துவிடலாம். தொழில் சுகாதாரத்துக்கான அமெரிக்க நிறுவனமான நியோஷ், 85 டெசிபல் இரைச்சலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை இருக்கலாம் என்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 88இல் 4 மணி நேரம், 91இல் 2 மணி நேரம், 100க்கு வரும்போது 15 நிமிடம். உங்கள் காருக்குள் 105 டெசிபல் என்று வைத்துக்கொண்டால், ஐந்து நிமிடத்துக்குள் அந்த நாளின் கணக்கு முடிந்துவிடும். பயிற்சிச் சுற்றுகளுக்கே அது போதாது.

காதை அடைத்துவிட்டால் ரேடியோ எப்படிக் கேட்கும்?

என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். காதை அடைத்தால்தான் ரேடியோ கேட்கும் என்பதே பதில்.

பேச்சு புரிய வேண்டுமானால் அது சுற்றியுள்ள இரைச்சலைவிட 10 டெசிபலாவது உயர்ந்திருக்க வேண்டும். முந்தைய பதிலில் சொன்ன 105 டெசிபல் காரில், காதை அடைக்காமல் ஸ்பீக்கரில் பேச்சைக் கேட்க 115 டெசிபல் ஒலி வேண்டும். நியோஷ் கணக்கில் அந்த அளவுக்கு ஒரு நாளைக்கு அரை நிமிடம்கூட அனுமதி இல்லை. அதாவது பிட்டிலிருந்து பேசும் உங்கள் பொறியாளரின் குரலே உங்கள் காதைக் கெடுக்கும். அவ்வளவு உரக்க ஒலிக்கும்போது சின்ன ஸ்பீக்கர் கரகரக்கும் என்பதால் சொற்களும் பிரியாது.

இப்போது காதுத் துளையை நன்றாக அடைத்து, அடைப்பானுக்கு உள்ளேயே ஸ்பீக்கரை வையுங்கள். அடைப்பான் 25 டெசிபலைத் தடுத்தால் செவிப்பறைக்கு வரும் இரைச்சல் 80. பேச்சு 90 இருந்தாலே தெளிவாகப் புரியும். ‘ரேடியோ சரியாகக் கேட்கவில்லை, வால்யூமைக் கூட்டுங்கள்’ என்று யாராவது வந்தால் நான் ரேடியோவைத் தொடமாட்டேன். முதலில் அவர் காதைத்தான் பார்ப்பேன். பெரும்பாலும் அடைப்பான் சரியாக உட்கார்ந்திருக்காது.

ஸ்பீக்கர் ஹெல்மெட்டிலேயே பொருத்தியது நல்லதா, காதில் வைப்பது நல்லதா?

நீங்கள் ஓட்டுவது சர்க்யூட்டா ராலியா என்பதைப் பொறுத்தது. எஃப்ஐஏவின் ‘பின்னிணைப்பு எல்’ விதிப்படி, சர்க்யூட் போட்டிகளிலும், மலைப்பாதையில் கார் ஏறும் போட்டிகளிலும் ஹெட்ஃபோன் வகை ஸ்பீக்கர்களை ஹெல்மெட்டுக்குள் வைக்கக் கூடாது. காதுத் துளைக்குள் வைக்கும் வகைக்கு அனுமதி உண்டு. காதருகே கெட்டியான ஒரு பொருள் இருந்தால் பக்கவாட்டு மோதலில் அது தலைக்குள் இறங்கும் என்பதை நினைத்தால் விதியின் நியாயம் புரியும்.

ராலியில் நிலைமை வேறு. பக்கத்து இருக்கையில் இருக்கும் நேவிகேட்டர் பாதைக் குறிப்புகளை இடைவிடாமல் படித்துக்கொண்டே இருப்பார். அங்கே காதைச் சுற்றி மூடும் கிண்ணங்களும், உள்ளேயே ஸ்பீக்கரும், மைக்கும் கொண்ட ஹெல்மெட்டுகள் வழக்கத்தில் உள்ளன. ஸ்டிலோ போன்ற நிறுவனங்கள் ராலிக்கென்றே இவற்றைச் செய்கின்றன. ராலி ஹெல்மெட்டை வாங்கி சர்க்யூட்டுக்கு எடுத்து வந்து, பரிசோதனையில் திருப்பி அனுப்பப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டிலும் ஓட்டப் போகிறீர்கள் என்றால் கிண்ணங்களைக் கழற்ற முடியுமா என்று கேட்டு வாங்குங்கள்.

மருந்துக் கடையில் கிடைக்கும் நுரை அடைப்பான் போதாதா? காதை அச்செடுத்துச் செய்வது அவசியமா?

நுரை அடைப்பானை மட்டமாக நினைக்காதீர்கள். சரியாக வைத்தால் அது மிக நன்றாகத் தடுக்கும். சரியாக வைப்பவர்கள் குறைவு என்பதுதான் சிக்கல். விரல்களால் மெல்லிய குச்சிபோல உருட்ட வேண்டும். எதிர்க்கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுக்க வேண்டும். வளைந்த துளை அப்போதுதான் நேராகும். உள்ளே செலுத்தி, நுரை விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். வெளியே பாதி நீட்டிக்கொண்டிருந்தால் எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள். பெட்டியில் 30 டெசிபல் என்று போட்டிருந்தால் நடைமுறையில் பாதியை எதிர்பாருங்கள். 105இல் 15 கழித்தால் 90. ஐந்து நிமிடம்கூட இல்லாதது இரண்டரை மணி நேரமாகிறது. சில ரூபாய்க்கு இதைவிடப் பெரிய லாபம் இந்த விளையாட்டில் இல்லை.

அச்செடுத்த சிலிக்கான் அடைப்பானின் பலம், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி உட்காரும் என்பதுதான். ஸ்பீக்கரையும் அதற்குள் நிலையாகப் பதிக்கலாம். செவித்திறன் நிபுணரிடம் போய்க் காதில் அழுக்கு இல்லையா என்று பார்க்கச் சொல்லிவிட்டு அச்செடுங்கள். பந்தய ஹெல்மெட்டுக்கு என்று சொல்ல மறக்காதீர்கள். காது மடலுக்கு வெளியே துருத்தாமல் தட்டையாகச் செய்ய வேண்டும்.

என்ஜின் சத்தம் கேட்காவிட்டால் கியர் எப்போது மாற்றுவது?

சத்தம் முழுவதும் போய்விடாது, தணியும். அதிர்வு இருக்கை வழியாகவும் ஸ்டீயரிங் வழியாகவும் உடம்புக்கு வந்துகொண்டே இருக்கும். நுரை அடைப்பான் உச்ச சுருதிகளை அதிகமாக வெட்டுவதால் எல்லாம் மந்தமாகக் கேட்கும். இது பிடிக்காதவர்கள், எல்லாச் சுருதிகளையும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைக்கும் வடிகட்டி வகையைத் தேடலாம். எதுவானாலும் பந்தய நாளன்று முதன்முறையாக அணியாதீர்கள். இரண்டு பயிற்சி அமர்வுகள் போதும், காது பழகிவிடும். டயர் வழுக்கும் ஒலி முன்பைவிடத் தெளிவாகக் கேட்கிறது என்று பலரும் பிறகு வந்து சொல்கிறார்கள்.

பிட்டில் இருப்பவர்களுக்கு என் குரல் புரியவில்லை. மைக்கை மாற்ற வேண்டுமா?

முதலில் இடத்தை மாற்றிப் பாருங்கள். பந்தய மைக்குகள் இரைச்சலைக் கழிக்கும் வகையைச் சேர்ந்தவை. இரண்டு பக்கமும் சமமாக வரும் ஒலியை அவை ஒதுக்கிவிட்டு, ஒரு பக்கம் மிக அருகிலிருந்து வரும் ஒலியை எடுத்துக்கொள்ளும். ஆகவே மைக் உதட்டை ஏறத்தாழத் தொட வேண்டும். இரண்டு விரல் தூரம் தள்ளியிருந்தால் உங்கள் குரலும் இரைச்சலாகிவிடும். பேச வேண்டிய பக்கத்தில் சிறு புள்ளி போட்டிருப்பார்கள். அது தாடையைப் பார்த்துத் திரும்பியிருப்பதை எத்தனையோ முறை சரிசெய்திருக்கிறேன். கத்தவும் வேண்டாம். வழக்கமான குரலில், நேரான தடத்தில் போகும்போது பேசுங்கள்.

அதன் பிறகும் புரியாவிட்டால் மைக் வகையைப் பாருங்கள். டைனமிக், எலக்ட்ரெட் என்று இரண்டு உண்டு. எலக்ட்ரெட் மைக்குக்கு ரேடியோவிலிருந்து சிறிது மின்சாரம் வர வேண்டும். ஒன்றுக்கான ரேடியோவில் மற்றொன்றை மாட்டினால் குரல் மிக மெலிதாகவோ வெடித்தோ கேட்கும், சில சமயம் கேட்கவே கேட்காது.

பிளக் பொருந்தவில்லை. எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கும்?

இல்லை. அமெரிக்க ஸ்டாக் கார் வழக்கம் ஒன்று, அங்கேயே ஸ்போர்ட்ஸ் கார் பந்தயங்களில் இம்சா என்று அழைக்கப்படும் பிளக் இன்னொன்று, ஐரோப்பாவில் நெக்ஸஸ் வகை. பார்வைக்கு ஒத்திருந்தாலும் உள்ளே கம்பிகளின் வரிசை வேறு. ஹெல்மெட் வாங்கும் முன் காரில் என்ன பிளக் இருக்கிறது என்று அணியிடம் கேளுங்கள். ஒரே காரை இரண்டு மூன்று பேர் மாறி மாறி ஓட்டும் போட்டியில் அனைவரும் ஒரே வகையில் இருக்க வேண்டும்.

பிளக் பொருந்துவதைப் போலவே அது எளிதாகக் கழல்வதும் முக்கியம். தீ பிடித்து வெளியே தாவும்போது வயரைத் தேடிக் கழற்ற நேரம் இருக்காது; இழுத்த இழுப்பில் தானாக வர வேண்டும். சுருள் வயரை டேப் போட்டுக் கட்டிவைக்காதீர்கள். நின்றிருக்கும் காரில் கண்ணை மூடிக்கொண்டு இறங்கிப் பழகுங்கள். வயர் எங்கே மாட்டுகிறது என்று அப்போது தெரியும்.

ஹெல்மெட்டில் நானே சின்னத் துளை போட்டு மைக் பொருத்தலாமா?

வேண்டாம். தயாரித்தவர் அனுமதிக்காத எந்த மாற்றமும் ஹெல்மெட்டின் அங்கீகாரத்தைப் பறித்துவிடும். துளையிலிருந்து விரிசல் ஓடும். கண்ட பசையும் பெயின்ட்டும் உள்நுரையை அரிக்கும். வெளியே பளபளப்பாகவே இருக்கும். அந்த நிறுவனம் தன் ஹெல்மெட்டுக்கென்று விற்கும் மைக் தொகுப்பை, அது காட்டும் இடத்தில் மட்டும் பொருத்துங்கள். எடையும் கணக்கில் வரும். துணைக்கருவிகள் அனைத்தும் சேர்த்து, முழுமுக ஹெல்மெட் 1,800 கிராமையும் திறந்தமுக ஹெல்மெட் 1,400 கிராமையும் தாண்டக் கூடாது என்பது எஃப்ஐஏ விதி.

பைக்கில் மாட்டும் ப்ளூடூத் இன்டர்காம் மலிவாகக் கிடைக்கிறதே?

வெளியே கவ்வி மாட்டும் பெட்டி, உள்ளே காதருகே தட்டை ஸ்பீக்கர். ஸ்பீக்கருக்கு எது தடை என்று மேலே சொல்லிவிட்டேன். அதோடு, தீ பிடிக்கக்கூடிய இடத்தில் ஒரு லித்தியம் பேட்டரியைத் தலையில் ஒட்டிக்கொண்டு உட்கார்வது எனக்குச் சம்மதமில்லை.

வாக்கி டாக்கி வாங்கினால் போதுமா? உரிமம் வேண்டுமா?

இந்தியாவில் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில், குறைந்த திறனுள்ள கருவிகளுக்கு மட்டும் உரிமம் தேவையில்லை. வாக்கி டாக்கிகளுக்கு வழக்கமாகப் பயன்படும் மற்ற அலைவரிசைகளுக்கு மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவிடம் உரிமம் பெற வேண்டும். இணையத்தில் கிடைக்கும் மலிவுக் கருவிகள் பல, காவல்துறை அலைவரிசை வரை எதிலும் ஒலிபரப்பக்கூடியவை. அவற்றை வாங்கி மாட்டிக்கொள்ளாதீர்கள். ஏற்பாட்டாளரிடம் எந்த அலைவரிசையைப் பயன்படுத்துவது என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

இருங்காட்டுக்கோட்டைத் தளத்தின் ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர். காரின் இரும்புக்குள் மாட்டிய குட்டி ஆன்டெனாவால் எல்லா வளைவிலிருந்தும் பேச முடியாது. எங்கே கேட்கிறது, எங்கே விட்டுப்போகிறது என்று முதல் பயிற்சியிலேயே குறித்துவைத்து, அந்த இடங்களில் பேசுவதைத் தவிர்க்கிறோம்.

என் மகனுக்குப் பத்து வயது. கார்ட் ஓட்டுகிறான். பெரியவர்களின் ஹெல்மெட்டில் சிறிய சைஸ் வாங்கலாமா?

வாங்காதீர்கள். குழந்தையின் கழுத்து அந்த எடையைத் தாங்காது. சிறுவர் கார்ட்டிங்குக்கென்று ஸ்னெல்லும் எஃப்ஐஏவும் சேர்ந்து வகுத்த சிஎம்ஆர் தரம் இருக்கிறது. 2016 பதிப்பு முத்திரையைத் தேடுங்கள், போட்டியின் விதிநூல் எதை ஏற்கிறது என்றும் பாருங்கள். காதுக்குச் சிறிய அளவு நுரை அடைப்பான் போதும். அச்செடுத்துச் செய்தால் காது வளர வளர மாற்ற வேண்டிவரும். ரேடியோவைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். காதடைப்பான் இல்லாமல் வண்டியில் ஏறக் கூடாது என்ற பழக்கத்தை மட்டும் இந்த வயதிலேயே ஏற்படுத்திவிடுங்கள்.

வெயிலில் வியர்த்துக் கொட்டுகிறது. மைக்கும் ஸ்பீக்கரும் கெட்டுவிடாதா?

கெடும். அமர்வு முடிந்ததும் மைக்கின் பஞ்சு உறையைக் கழற்றி நிழலில் காயவையுங்கள். மாற்று உறை இரண்டு வைத்திருங்கள். காதடைப்பானின் ஒலித்துளையில் காது அழுக்கு அடைத்துக்கொள்ளும். ஒரு பக்கம் மட்டும் ஒலி குறைந்தால் தொண்ணூறு சதவீதம் அதுதான் காரணம் என்பது என் அனுபவம். கூடவே வரும் சிறு தூரிகையால் துளையைக் கீழ்நோக்கிப் பிடித்துத் துடையுங்கள். பெட்ரோல், தின்னர் அருகில் வரக் கூடாது. ஹெல்மெட்டை வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் பூட்டிவைக்காதீர்கள்.

நண்பர் பழைய ஹெல்மெட் தருகிறார். ஒரே ஒரு முறைதான் இடித்திருக்கிறதாம்.

உள்நுரை ஒரு முறை நசுங்கினால் மீளாது. வெளியே கீறல்கூட இல்லாமல் இருக்கலாம். நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இடிக்காத ஹெல்மெட்டையும் ஐந்தாண்டில் மாற்றச் சொல்கிறார்கள் பெரும்பாலான தயாரிப்பாளர்கள். பணம் குறைவு என்றால் ரேடியோவைத் தள்ளிப்போடுங்கள். சரியான முத்திரையுள்ள புது ஹெல்மெட்டும் நுரை அடைப்பானும் முதல் சீசனுக்குப் போதும்.

பந்தயம் முடிந்த இரவு காதில் ‘ங்’ என்று ரீங்காரம் கேட்கிறது. காலையில் போய்விடுகிறது. கவலைப்பட வேண்டுமா?

வேண்டும். உட்காதில் ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்கள் தாங்க முடியாத அளவு இரைச்சலை வாங்கியதற்கான அடையாளம் அது. இறந்த செல்கள் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் போய்ச் செவித்திறன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இரைச்சலால் வரும் பாதிப்பு வழக்கமாக 4,000 ஹெர்ட்ஸ் அருகே பள்ளமாக வரைபடத்தில் தெரியும். ஆண்டுக்கு ஒருமுறை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

என் இடது காதில் அந்த ஒலி இப்போது எப்போதும் இருக்கிறது. நான் பந்தயம் ஓட்டியவன் அல்ல. பிட் சுவரில் நின்றவன், ஆரம்ப ஆண்டுகளில் எதையும் காதில் வைத்துக்கொள்ளாமல். அதனால் மெக்கானிக்குகளுக்கும், டயர் தூக்கும் பையன்களுக்கும், பார்க்க வந்த குடும்பத்தினருக்கும் இந்தப் பதில் பொருந்தும்.

பாதிப் பந்தயத்தில் ரேடியோ செத்துவிட்டால் என்ன செய்வது? காதடைப்பானை எடுத்துவிடலாமா?

எடுக்காதீர்கள், எடுக்கவும் முடியாது. ஹெல்மெட்டும் பலாக்ளாவாவும் மேலே இருக்கின்றன. உங்களுக்குக் கேட்கிறது, பேசத்தான் முடியவில்லை என்றால், ரேடியோவின் பேசும் பட்டனை இரண்டு முறை அழுத்தினால் ‘சரி’, மூன்று முறை அழுத்தினால் ‘உள்ளே வருகிறேன்’ என்று முன்பே பேசிவைத்திருங்கள். எங்களுக்கு வெறும் ‘டிக், டிக்’ ஒலி போதும். இரண்டு பக்கமும் போய்விட்டால் நேர்த்தடத்தில் சுவரோரம் பாருங்கள். நாங்கள் செய்தி காட்டும் பிட் பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்போம்.